சுவிட்சை அணைத்தால் பீம் நின்றுவிடாதா?

1. காட்பாடி மாணவன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி வருஷம். வியாழக்கிழமை வகுப்பில் முக்கால் மணி நேரம் பேச வேண்டும். தலைப்பு நானே தேடிப்போய் மாட்டிக்கொண்டது: துகள் முடுக்கியில் பீம், அதாவது வேகமாக ஓடும் துகள்களின் கற்றை, திடீரென்று கைநழுவினால் இயந்திரத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்.

நேற்று ரூமில் நாலு பேரை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மெக்கானிக்கல் படிக்கிற ஒருத்தன் கையைத் தூக்கினான். "கரண்ட்ல ஓடுற மெஷின்தானே மச்சான், சுவிட்சை அணைச்சா பீம் நின்னுடாதா?" சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சூத்திரமெல்லாம் தெரிகிறது, இதற்கு நேரான பதில் தெரியவில்லை.

என்னிடம் இருக்கும் கணக்கு இவ்வளவுதான். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகம் வைத்திருக்கும் எல்.எச்.சி. என்ற புரோட்டான் முடுக்கி வளையம் 27 கிலோமீட்டர் சுற்றளவு. வடிவமைப்புக் கணக்கில் ஒரு பீமுக்கு 2808 கொத்துகள், கொத்துக்கு 11,500 கோடி புரோட்டான், ஒவ்வொன்றுக்கும் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட். பெருக்கினால் 362 மெகா ஜூல். அத்தனை புரோட்டானையும் சேர்த்து எடை போட்டால் அரை நானோகிராம்தான் வரும். ஆனால் 362 மெகா ஜூல் என்றால் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்றும் யோசனை வேண்டும்.

2. ஆற்காடு மக்கன்பேடா | 9.52

ஒரு யூனிட் கரண்ட் 3.6 மெகா ஜூல். 362ஐ 3.6ஆல் வகுத்துப் பார் தம்பி. 100 யூனிட். இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் அரசாங்கம் நம் வீட்டுக்கு இலவசமாகக் கொடுக்கிற கரண்ட். இதுக்கா இவ்வளவு பில்டப்பு?

3. காட்பாடி மாணவன் | 9.58

அண்ணா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! அந்த 100 யூனிட்டை நீங்கள் இரண்டு மாசம் வைத்து ஃபேன் ஓட்டுகிறீர்கள். பீம் வளையத்தை ஒரு தடவை சுற்ற 89 மைக்ரோ செகண்ட். அந்த ஒரு சுற்றுக்குள் மொத்தத்தையும் ஓரிடத்தில் கொட்டினால் 4 லட்சம் கோடி வாட். கோடையில் தமிழ்நாடு முழுக்க ஏசி போட்டு இழுக்கும்போதே 20,000 மெகாவாட் சுற்றுவட்டாரம்தான். இது அதைப்போல் 200 மடங்கு.

சரி, 362 பிரச்சினை தீர்ந்தது. சுவிட்ச் பிரச்சினை இருக்கிறது.

4. பாகாயம் மலர் | 10.15

உன் நண்பனைக் கிண்டல் செய்யாதே தம்பி. நான் புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் லினாக் பார்க்கிற மெடிக்கல் பிசிசிஸ்ட். எங்கள் மெஷினுக்கு அவன் சொன்னதுதான் சரியான பதில்.

எங்களுடையது நேர்கோட்டு முடுக்கி. எலக்ட்ரான்கள் துடிப்பு துடிப்பாக வரும். ஒரு துடிப்பு சில மைக்ரோ செகண்ட், வினாடிக்குச் சில நூறு. உள்ளே நுழைகிற எலக்ட்ரான் சில நானோ செகண்டில் மறுமுனையில் வெளியே போய்விடும். துப்பாக்கியை நிறுத்தினால் அடுத்த துடிப்பு கிடையாது. கதை முடிந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இப்படித்தான். மேஜையில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பாட்டி. முகத்தோடு ஒட்டின வலைமாஸ்க்கை மேஜையில் பூட்டியிருக்கிறோம், தலையை இம்மிகூட அசைக்க முடியாது. 200 மானிட்டர் யூனிட் (மெஷின் தரும் கதிர்வீச்சை எண்ணும் அளவு) கொடுக்க வேண்டும். வெளியே இடி, விளக்கு ஒரு தரம் மங்கித் தெளிந்தது, அதற்குள் பீம் நின்றுவிட்டது. திரையில் 112. மெஷினுக்குள் பீமை எண்ணுவது ஒன்றுக்கு இரண்டாக அயனியாக்க அறைகள். இரண்டும் தனித்தனியாக எண்ணும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றாலே பீம் நிற்கும். இரண்டும் 112 என்றன. மைக்கில் பாட்டியிடம் அசையாமல் இருக்கச் சொன்னேன். வேலூரில் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு வங்காளத்தில் "அசையாதீங்க"வும் "முடிஞ்சுது"வும் கட்டாயம் தெரியும். மெஷின் தயாரானதும் மீதி 88ஐக் கொடுத்தோம்.

எங்கள் மெஷினில் ஒன்று நின்றால் சேதம் இல்லை, தாமதம்தான். வளைய முடுக்கி அப்படி இல்லை. எங்களுடையது தெருக்குழாய், மூடினால் தண்ணீர் நிற்கும். அது ஏரி. வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டால் ஏரி வற்றிவிடுமா?

5. புரோட்டான் பித்தன் | 11.05

சத்துவாச்சாரியில் பிறந்து, முடுக்கி இயற்பியல் படிக்க வெளிநாடு வந்தவன். மலர் அக்காவின் ஏரியையே பிடித்துக்கொள்கிறேன்.

எந்த சுவிட்சை அணைப்பாய் என்று முதலில் உன் நண்பனைக் கேள். முடுக்கம் தரும் ரேடியோ அலையை அணைத்தால் புரோட்டான்கள் நிற்காது. கொத்து கலைந்து வளையம் முழுக்கப் பரவிக்கொண்டு சுற்றும், அது இன்னும் மோசம். ஏன் என்று கீழே சொல்கிறேன். வளைக்கிற காந்தங்களை அணைக்கலாமா? 1232 இருமுனைக் காந்தங்கள், எல்லாம் 1.9 கெல்வின் குளிரில் மின்தடையே இல்லாத மீகடத்தி, உள்ளே கிட்டத்தட்ட 12,000 ஆம்பியர். அவசரமாக வடித்தால்கூட அந்த மின்சாரம் இறங்க நிமிஷக் கணக்கில் ஆகும். ஆனால் அது கொஞ்சம் இறங்க ஆரம்பித்த உடனேயே பீம் தன் பாதையிலிருந்து விலகி, எங்கே குழாய் குறுகலோ அங்கே போய் உரசும். அதாவது, அணைப்பது என்றால் நிறுத்துவது இல்லை, அவிழ்த்து விடுவது.

அதனால் செய்யக்கூடியது ஒன்றுதான்: கரை உடைவதற்குள் கலங்கல் வழியாக, அதாவது ஏரியின் உபரி நீர் வழியாக, விட்டுவிடுவது. எல்.எச்.சி.யில் அந்தக் கலங்கல் ஒரு கிராஃபைட் கட்டை, சுமார் 8 மீட்டர் நீளம். 'டம்ப்' என்பார்கள். வளையத்திலிருந்து ஒரு கிளைச் சுரங்கத்தில் 700 மீட்டர் தள்ளி இருக்கிறது. 15 கிக்கர் காந்தங்கள் ஒரே நேரத்தில் உதைத்து பீமைக் கிளைக்குத் தள்ளும். அந்தக் காந்தம் சுழியத்திலிருந்து முழு பலத்துக்கு வர 3 மைக்ரோ செகண்ட் வேண்டும். அந்த நேரத்தில் கடக்கிற புரோட்டான் அரை உதை வாங்கி எங்கேயோ போய் முட்டும். ஆகவே கொத்து வரிசையில் 3 மைக்ரோ செகண்ட் இடைவெளியை எப்போதும் காலியாகவே விட்டு வைக்கிறார்கள். ரேடியோ அலையை அணைத்தால் அந்தக் காலி இடத்திலும் புரோட்டான் நிரம்பிவிடும். இப்போது புரிகிறதா ஏன் மோசம் என்று?

இன்னொரு விஷயம். கிராஃபைட்டாகவே இருந்தாலும் முழு பீமும் ஒரே புள்ளியில் இறங்கினால் துளைத்துக்கொண்டு போகும். அதனால் வழியில் இன்னும் சில காந்தங்கள் பீமை ஆட்டி, கட்டையின் முகத்தில் கோலம் இழுக்கிற மாதிரி வளைத்துப் பரப்பும். ஒவ்வொரு கொத்தும் வேறு வேறு இடத்தில் விழும். நம் வீட்டு அம்மாக்கள் போடுகிற இழைக் கோலத்தை 89 மைக்ரோ செகண்டில் போட்டு முடிப்பதாக வைத்துக்கொள்.

நடந்த கதை இரண்டு சொல்கிறேன், ஸ்லைடில் போட்டுக்கொள். 2003 டிசம்பர் 5, அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகம், டெவட்ரான் முடுக்கி. பீமுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கும் ஓர் உணரிப் பெட்டி கோளாறாகி பீமுக்குள்ளேயே போய்விட்டது. பீமின் ஓரத்தைச் சீவுவதற்காக வைக்கும் டங்ஸ்டன் கட்டையில் (கொலிமேட்டர்) ஓட்டை, துருப்பிடிக்கா எஃகில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு உழுத கோடு. டங்ஸ்டன் உருக 3400 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டாவது, 2004 அக்டோபர் 25, செர்னின் எஸ்.பி.எஸ். முடுக்கி. அங்கிருந்து எல்.எச்.சி.க்குப் பீம் அனுப்பும் சோதனை. பீமை வெளியே திருப்புகிற காந்தத்தின் மின்சாரம் சரிந்தது, பீம் அதற்குள் கிளம்பிவிட்டது. ஒரு காந்தத்துக்குள் போகிற குழாயில் 25 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிசல். அந்தப் பீமின் ஆற்றல் ஏறத்தாழ 2.5 மெகா ஜூல். மக்கன்பேடா கணக்கில் 0.7 யூனிட்.

6. ஆற்காடு மக்கன்பேடா | 11.12

0.7 யூனிட்டில் குழாய் கிழிஞ்சுதா? என் வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரத்துக்கு அதைக் குடிக்குது. வேட்டி கூட கருகலை.

7. ஜோலார்பேட்டை சிக்னல் | புதன், காலை 6.20

காலை வணக்கம். ரயில்வே சிக்னல் பிரிவில் 31 வருஷம், இப்போது ஓய்வு. முடுக்கி எனக்குத் தெரியாது. ஆனால் பித்தன் தம்பி ஒரு விஷயத்தைத் தொடாமல் போய்விட்டார். பீமை வெளியேற்றச் சொல்லி உத்தரவு எப்படிப் போகிறது? "ஆபத்து" என்று ஒருத்தர் கத்த வேண்டுமா, அல்லது "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

எங்கள் தண்டவாளச் சுற்றில் இரண்டாவது வகைதான். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியாகப் போய், ரிலேயைத் தூக்கிப் பிடித்து, மற்ற தண்டவாளம் வழியாகத் திரும்பும். ரயில் ஏறினால் சக்கரமே மின்சாரத்தைக் குறுக்கிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பு. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒயர் அறுந்தாலும் ரிலே விழும். பேட்டரி செத்தாலும் விழும். எலி கடித்தாலும் விழும். விழுவதற்கு ரிலே காரணம் கேட்காது. மழை நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு, ரயிலே இல்லாமல் விழுந்த மொட்டை சிவப்புக்காக எத்தனை தடவை டார்ச் எடுத்துக்கொண்டு நடந்திருப்பேன், கணக்கே இல்லை. திட்டிக்கொண்டே போவேன். ஆனால் தப்பாகப் பச்சை விழுந்ததற்காக ஒரு நாளும் நடந்ததில்லை.

8. புரோட்டான் பித்தன் | காலை 11.30

ஐயா, அச்சு அசல் அதேதான். எல்.எச்.சி.யைச் சுற்றிக் கண்ணாடி இழையில் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று இடைவிடாமல் ஓடும். அதன் பெயரே பீம் அனுமதிச் சுற்று. காந்தம், வெற்றிடம், கொலிமேட்டர், பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் அந்தத் துடிப்பை வழிமறிக்கும் உரிமை உள்ளவை. யார் மறித்தாலும், இழையே அறுந்தாலும், துடிப்பு நின்றதும் டம்ப் இயங்கும். ஒரு பீமுக்கு இரண்டு சுற்று, ஒன்று போனாலும் போதும். கிக்கரை உதைக்க வைக்கும் மின்தேக்கிகள் முன்பே நிரம்பியிருக்கும். அதனால் கரண்ட் போன பிறகும் உதைக்கும்.

காவல் நாய்கள் என்றால் பீம் இழப்பு உணரிகள், கிட்டத்தட்ட 4000. அரை மீட்டர் நீளக் குழாய், உள்ளே நைட்ரஜன், அலுமினியத் தகடுகள், 1500 வோல்ட். மலர் அக்காவின் மெஷினில் எண்ணுகிற அதே அயனியாக்க அறைதான், காந்தத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. பீமிலிருந்து சிதறியது அதைக் கடந்தால் மின்சாரம் காட்டும். 40 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தரம் பார்க்கும்.

9. வாலாஜா ரிலே | மதியம் 1.10

மின்வாரியத்தில் பாதுகாப்பு ரிலே பார்ப்பவன். சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். இடி இடித்து லைனில் 100 மில்லி செகண்ட் வோல்டேஜ் சரிந்தால் உங்கள் முடுக்கிக்கு என்ன ஆகும்? எங்களுக்கு அது ஒன்றுமே இல்லை, பதிவேட்டில்கூட எழுத மாட்டோம். ஆனால் 89 மைக்ரோ செகண்டுக்கு ஒரு சுற்று என்றால், அந்தச் சரிவுக்குள் 1100 தடவை சுற்றிவிடுமே?

10. புரோட்டான் பித்தன் | 1.45

சார், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மீகடத்திக் காந்தங்கள் நிதானமானவை, லைன் சரிந்ததை உடனே கண்டுகொள்ளாது. மோதல் புள்ளிகளுக்கு அருகே சாதாரணச் செம்புச் சுருள் காந்தங்கள் சில இருக்கின்றன. அவைதான் எமன். மின்சாரம் பத்தாயிரத்தில் சில பங்கு மாறினாலே பீம் நகரும். பீம் இழப்பு உணரி பார்த்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம் என்று, ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கும் டெசி ஆய்வகம் உருவாக்கிய ஒரு கருவியை வைத்தார்கள். காந்த மின்சாரம் மாறத் தொடங்கும் அந்த நொடியையே பிடிக்கும். அதனால் ஜெனீவா பக்கம் இடி இடித்தால் பீம் டம்ப் ஆவது அங்கே சாதாரணம்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு டம்ப்புக்குப் பிறகும் எல்லா உணரிகளின் பதிவையும் எடுத்து அலசுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே போஸ்ட்மார்ட்டம். அது "எல்லாம் எதிர்பார்த்தபடிதான் வேலை செய்தது" என்று சொல்லும் வரை அடுத்த பீமை ஏற்ற விடாது.

11. காட்பாடி மாணவன் | மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உணரி பார்க்க ஒரு சுற்று, செய்தி போய்ச் சேர ஒரு சுற்று, காலி இடைவெளி கிக்கர் முன் வரும் வரை காத்திருக்க ஒரு சுற்று. ஆக மூன்று சுற்றில் முழு பீமும் வெளியே போய்விடும். எல்.எச்.சி.யில் தெரிந்த கோளாறுகள் இயந்திரத்தைச் சேதப்படுத்த அதைவிடக் கூடுதல் சுற்று எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஜெயிக்கிறார்கள்.

ஆனால் ஜப்பான் கதை படித்ததும் குழம்பிவிட்டேன். சுகுபாவில் இருக்கும் சூப்பர்கெக்பி முடுக்கி. 3 கிலோமீட்டர் வளையம், ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோ செகண்ட். அங்கே பீம் ஒன்றிரண்டு சுற்றிலேயே காணாமல் போகிறதாம். முன்னறிவிப்பே இல்லை. அப்படியென்றால் மேலே பேசின எதுவும் அங்கே செல்லாதா?

12. புரோட்டான் பித்தன் | இரவு 8.00

தம்பி, இப்போதுதான் உன் தலைப்புக்கே வந்திருக்கிறாய். இதற்கு முன் பேசியது பீம் இழப்பு. இது திடீர் பீம் இழப்பு, அந்தப் பெயரிலேயேதான் அங்கே அழைக்கிறார்கள்.

சூப்பர்கெக்பியில் 7 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் ஒரு வளையம், 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பாசிட்ரான் ஒரு வளையம். பாசிட்ரான் வளையத்தில் 1.4 ஆம்பியர் ஓடினால் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல் 56 கிலோ ஜூல். மக்கன்பேடா அண்ணன் பாணியில் சொன்னால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. அவ்வளவுதான். ஆனால் பீம் மிக மெல்லிசு, அது 10 மைக்ரோ செகண்டில் இறங்கினால் 500 கோடி வாட்டுக்கு மேல். கொலிமேட்டரின் தலை சேதமாகும், மோதல் புள்ளியில் பீமைக் குவிக்கும் மீகடத்திக் காந்தம் க்வென்ச் ஆகும், அதாவது மீகடத்தும் தன்மையை இழந்துவிடும். எல்லாவற்றுக்கும் நடுவில், மோதலைப் பதிவு செய்யும் பெல் 2 உணரி. நம் ஊர் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். அதன் சிலிக்கான் உணரியில் நாலாவது அடுக்கைச் செய்தது மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யும் கூட்டணியில் உண்டு. பீமுக்கு மிக அருகே இருக்கும் பிக்சல் உணரி 2024இல் இரண்டு தடவை இந்த அடி வாங்கிச் சேதப்பட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அதை அணைத்தே வைத்தார்கள்.

உணரி பார்த்து, செய்தி போய், காலி இடைவெளி வந்து, கிக்கர் உதைக்க அங்கேயும் இரண்டு மூன்று சுற்று வேண்டும். வீடு எரிந்து முடிந்த பிறகு தீயணைப்பு வண்டி வருகிற மாதிரி. வேகமான உணரிகளை இழப்பு நடக்கும் இடத்துக்கு அருகிலேயே வைத்துச் சில மைக்ரோ செகண்ட் மிச்சம் பிடித்தார்கள். அது சேதத்தைக் குறைக்கும், தடுக்காது. ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாதே. அதனால் அங்கே பாதுகாப்பு என்றால் காரணத்தை வேட்டையாடுவது என்றே ஆகிவிட்டது.

காரணம் என்ன என்பதில்தான் சண்டை. கண்ணுக்குத் தெரியாத உலோகத் துணுக்கு ஒன்று ரேடியோ அலையில் சூடேறி ஒளிர்ந்து, எதிர்ச்சுவரில் விழுந்து மின்பொறி கிளப்புகிறது என்று ஒரு கருதுகோள், 'தீப்பந்து' என்று பெயர். இன்னொரு பக்கம் சாதாரண தூசு. இந்த இழப்பு நடக்கும்போது குழாயின் வெற்றிட அழுத்தம் சட்டென்று எகிறுவதைப் பார்த்தார்கள். தூசு பீமில் விழுந்து ஆவியானால் அப்படித்தான் எகிறும். சிறு கசிவுகளை அடைக்க இணைப்புகளில் பூசின அடைப்புப் பசை காய்ந்து உதிர்ந்ததும் சந்தேகப் பட்டியலில் வந்தது. சுவையான தகவல் ஒன்று: 2016இல் இயந்திரம் முதல் தடவை ஓடியபோதே, குழாயை வெளியிலிருந்து ஒரு தட்டும் கருவியால் தட்டிப் பார்த்தார்கள். தட்டினால் அதே அழுத்த எகிறல் வந்தது. உள்ளே தூசு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

13. சிப்காட் பெரியவர் | இரவு 9.05

தட்டிப் பார்த்தார்களா? கொஞ்சம் இருங்கள்.

நான் ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையில் இருந்தவன். ஈ.எஸ்.பி. தெரியும் அல்லவா, அனல் மின் நிலையத்துப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற பெரிய பெட்டி. ஊர் ஊராக நிறுவப் போயிருக்கிறேன். உள்ளே தகடுகள் வரிசையாகத் தொங்கும். நடுவில் பல பத்தாயிரம் வோல்ட் கம்பி. வாயு அயனியாகி, சாம்பல் மின்னேற்றம் பெற்று, தகட்டில் போய் ஒட்டும். நீங்கள் பேசுகிற அயனியாக்க அறைக்கு எங்கள் பெட்டி பெரியப்பா முறை.

ஒட்டின சாம்பலை இறக்க என்ன செய்கிறோம்? தட்டுகிறோம். ஒரு சுழல் தண்டில் சுத்தியல்கள் வரிசையாக மாட்டியிருக்கும். தண்டு மெதுவாகச் சுற்ற, ஒவ்வொரு சுத்தியலும் உச்சிக்குப் போய்க் கவிழ்ந்து தகட்டின் ஓரத்தில் அடிக்கும். ராப்பிங் என்போம். ராத்திரி ஷிப்டில் அந்த டங்... டங்... சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். மெதுவாக அடித்தால் சாம்பல் இறங்காது, தகட்டில் கனமாகப் படிந்து மின்பொறி கிளம்பும். பலமாக அடித்தால் கட்டியாகக் கீழே விழ வேண்டியது பொடியாகி மறுபடி காற்றில் ஏறும், சிம்னியில் ஒரு கருப்பு மூச்சு விடும். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு அடி, எந்த வரிசைக்கு எப்போது என்று சரிப்படுத்துவதிலேயே பாதி வேலை இருக்கிறது.

அந்த ஜப்பான்காரர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. தட்டினால் விழுகிற தூசு எங்கே போகிறது? குழாய்க்கு அடியில் ஹாப்பர், அதாவது விழுவதை ஏந்துகிற புனல் தொட்டி, இருக்கிறதா?

14. புரோட்டான் பித்தன் | 9.20

இல்லை ஐயா. மூடின குழாய். அடியில் ஒன்றும் கிடையாது.

15. சிப்காட் பெரியவர் | 9.31

அப்புறம் தட்டி என்ன பிரயோஜனம்? மேல்சுவரில் இருந்ததைக் கீழ்ச்சுவருக்கு இறக்கினீர்கள், அவ்வளவுதான். மேலே ஒட்டியிருந்தால் பீம் தலையில் விழும். கீழே கிடந்தால் ஏதாவது இழுத்துத் தூக்கினால் தவிர எழாது. ஒரு வகையில் அதுவும் லாபம்தான். பீம் ஓடாதபோது நன்றாகத் தட்டி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட வேண்டும்.

16. காட்பாடி மாணவன் | 9.40

ஐயா இதை என் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமா?

17. வாலாஜா ரிலே | 10.02

தூசு எல்.எச்.சி.யிலும் விழுமே, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்? எங்கள் அனுபவத்தில் ரிலேயை ரொம்பக் கூர்மையாக வைத்தால் காக்கை உட்கார்ந்தாலும் ஃபீடர் டிரிப் ஆகும். ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். கொஞ்சம் தளர்த்தினால்தான் ஓட்ட முடியும்.

18. புரோட்டான் பித்தன் | 10.25

விழுகிறது சார். அங்கே அதற்குச் செல்லப் பெயர் யூ.எஃப்.ஓ., அடையாளம் தெரியாத விழும் பொருள். மைக்ரோமீட்டர் அளவுத் துணுக்கு, ஒரு மில்லி செகண்ட் போல இழப்பு காட்டும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். விழுந்த துணுக்கைப் புரோட்டான்கள் அயனியாக்க, அது நேர்மின்னேற்றம் பெற்று பீமாலேயே விரட்டப்படுகிறது. ஆரம்பத்தில் இதற்கெல்லாம் டம்ப் ஆகிப் பொழுது வீணானது. பிறகு நீங்கள் சொன்னபடிதான், உணரிகளின் வரம்பை உயர்த்தினார்கள். எப்போதாவது ஒரு காந்தம் க்வென்ச் ஆனால் பரவாயில்லை, தேவையில்லாத டம்ப் பத்து ஆவதைவிட அது மேல் என்ற கணக்கு. க்வென்ச் ஆனாலும் காந்தம் கருகாது. மின்தேக்கியில் 900 வோல்ட் வைத்திருந்து, ஓரிடம் சூடானது தெரிந்ததும் மொத்தச் சுருளையும் வேண்டுமென்றே சூடாக்கி ஆற்றலைப் பரப்பிவிடுவார்கள். அந்த ஹீட்டர் மின்வழங்கிகள் 5,000க்கும் மேல் இந்தியாவில் செய்து அனுப்பியவை.

19. ஜோலார்பேட்டை சிக்னல் | 10.40

வரம்பை உயர்த்துவது எனக்குப் பிடிக்கவில்லை. மொட்டை சிவப்புக்காக நடந்தவன் சொல்கிறேன், நடக்கலாம். தளர்த்த ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

20. பாகாயம் மலர் | 11.10

ஐயா, மன்னிக்கவும், எங்கள் துறையில் இதற்கு ஒரு கசப்பான கதை உண்டு, அது இரண்டு பக்கமும் வெட்டும். தெராக் 25 என்று ஒரு சிகிச்சை முடுக்கி. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு மிகப் பெரிய அளவு கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். அதற்கு முந்தின மாடல்களில் தப்பான நிலையில் பீம் வராமல் தடுக்கத் தனியாக வன்பொருள் பூட்டு இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். மென்பொருளில் பிழை. இதுவரை உங்கள் கட்சி.

ஆனால் அந்த மெஷின் தினமும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிழை காட்டி நிற்குமாம். ஆபரேட்டர்கள் 'தொடர்க' பொத்தானை அழுத்தி அழுத்திப் பழகிவிட்டார்கள். உண்மையான ஆபத்து வந்த அன்றும் அதே பொத்தான். நீங்கள் டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நடந்தீர்கள். எல்லோரும் நடப்பார்களா?

21. ஜோலார்பேட்டை சிக்னல் | 11.24

நடக்க மாட்டார்கள் அம்மா. பார்த்திருக்கிறேன்.

22. நெறியாளர் | 11.30

நல்ல விவாதம். மக்கன்பேடா பற்றித் தனியாக மூன்று பேர் எழுதியிருந்ததைச் சமையல் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன்.

23. காட்பாடி மாணவன் | வியாழன், இரவு 7.15

பேச்சு முடிந்தது. மெக்கானிக்கல் நண்பனையும் அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அவன் கேள்வியையே முதல் ஸ்லைடாகப் போட்டேன். ஏரி, கலங்கல், கோலம் மூன்றும் நன்றாக எடுபட்டன. எங்கள் ஹெச்.ஓ.டி. ஏரிக்குப் பேர்போன காவேரிப்பாக்கத்துக்காரர். கலங்கல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி நேரத்தில் ஒரு மேடம், "தூசுதான் காரணம் என்றால் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார். 3 கிலோமீட்டர் குழாய், உள்ளே அதிவெற்றிடம், திறந்தால் புதுத் தூசு போகும், மூடி வெற்றிடம் இறக்க வாரக்கணக்காகும் என்றேன். அப்புறம் ராணிப்பேட்டைப் பெரியவரின் ஹாப்பர் கேள்வியைச் சொன்னேன். மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

24. சிப்காட் பெரியவர் | 7.40

எழுதிக்கொண்டாரா? சரி. சுத்தியலை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் அடிக்கச் சொல் என்றும் சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை.

25. ஆற்காடு மக்கன்பேடா | 7.44

100 யூனிட் கணக்கு என்னுடையது என்று சொன்னியா தம்பி?

26. காட்பாடி மாணவன் | 7.50

சொன்னேன் அண்ணா. யார் சொன்னது என்று ஹெச்.ஓ.டி. கேட்டார். ஆற்காடு மக்கன்பேடா என்றேன். முழு வகுப்பும் சிரித்தது, யாரும் நம்பவில்லை.